முதலாண்டு முடித்த பிறகு அரபு: இடைநிலை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் முதலாண்டு அரபு முடித்தவருக்கு 28 எழுத்துகளும் கைவந்திருக்கும். ஹரகத் (உயிரொலிக் குறிகள்) போட்ட வரிகளைத் தடவித் தடவியாவது படித்துவிடுவார். தன்னைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நாலு வாக்கியம் பேச வரும். இடைநிலை வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே பாடங்களிலிருந்து ஹரகத் மறைந்துவிடும். ஒரே வினை பத்து உருவம் எடுக்கும். அந்த நேரத்தில் பலரும் முதலாண்டில் பலன் கொடுத்த சொற்பட்டியல் மனப்பாடத்தையே இரண்டு மடங்காக்கப் பார்க்கிறார்கள். அது எடுபடாது. இனி, ஒரு சொல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கண் தானாகப் பார்க்கப் பழக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் ஒரு நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் அரபியை மிகக் கடினமான வகையில் வைத்து, 88 வாரம், அதாவது சுமார் 2200 வகுப்பு மணி தேவை என்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு அது. தமிழ் பேசுகிறவருக்குச் சில இடங்கள் எளிது, வேறு சில இடங்கள் கடினம். மொத்தத்தில் பெரிய சலுகை எதுவும் இல்லை. கல்லூரியில் வாரம் 5 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் 150 மணிதான் வருகிறது. ஆகவே வகுப்பில் ஒரு மணி என்றால் வெளியே குறைந்தது ஒன்றரை மணி. அதையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்காமல் தினமும் பிரித்துப் படியுங்கள்.

1. தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதை இன்றே நிறுத்துங்கள்

நோட்டில் அரபுச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு கெடுதல் என்று ஒரு சொல்லிலேயே காட்டலாம். 'எழுதினான்' என்பதற்கான அரபு வினையில் காஃப், தா, பா என்று மூன்று எழுத்துகள். அதைத் தமிழில் 'கதப' என்று எழுதுகிறோம். தமிழ் நாக்கு இரண்டு உயிருக்கு நடுவில் வரும் தகரத்தை 'கதை', 'பதில்' என்பதில் போல மென்மையாக்கிவிடும். அப்படிச் சொன்னால் அரபுக் காதில் விழுவது தாவுக்குப் பதில் தால் எழுத்து, அதாவது புள்ளி வைத்த தால். அந்தச் சொல்லுக்குப் பொருள் 'பொய் சொன்னான்'. சரி, வன்மையாக 'கத்தப' என்று எழுதினால்? அது 'எழுத வைத்தான்' என்ற வேறு வினை. சரியான உச்சரிப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைத் தமிழ் எழுத்தில் எழுத வழியே இல்லை.

இந்தக் கட்டுரையில் அரபுச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருப்பது அடையாளத்துக்கு மட்டும். ஒவ்வொரு சொல்லையும் அரபு எழுத்தில் நோட்டில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத சொல்லை அகராதியில் தேடுங்கள். அதுவே முதல் பயிற்சி.

போனிலும் கணினியிலும் அரபு கீபோர்டை இந்த வாரமே போட்டுவிடுங்கள். தட்டச்சு செய்யும்போதுதான் ஹம்ஸா (தொண்டையை அடைத்துத் திறக்கும் ஒலியின் குறி) எந்த எழுத்தின் மேல் உட்காரும் என்ற சந்தேகம் வரும். விதி சுருக்கமானது. ஹம்ஸாவின் ஹரகத்தையும் அதற்கு முந்தைய எழுத்தின் ஹரகத்தையும் ஒப்பிட்டு, வலிமையானது எதுவோ அதற்குரிய இருக்கை. கஸ்ரா ('இ') முதலில், அடுத்து ளம்மா ('உ'), பிறகு ஃபத்ஹா ('அ'), கடைசியில் ஸுகூன் (உயிரொலி இல்லை). கஸ்ராவுக்கு யா, ளம்மாவுக்கு வாவ், ஃபத்ஹாவுக்கு அலிஃப். 'ஸுஆல்' (கேள்வி) என்பதில் ஹம்ஸா வாவின் மேல் வருவதும், 'ரஃஸ்' (தலை) என்பதில் அலிஃபின் மேல் வருவதும் இதனால்தான். நெடில் அலிஃபுக்குப் பின்னும் சொல்லின் கடைசியிலும் சில விலக்குகள் உண்டு. அவை படிக்கப் படிக்கப் பழகிவிடும்.

2. காதைச் சரிசெய்தல்

தமிழருக்கு இங்கே இரண்டு வரப்பிரசாதம். குறில்நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பல், பால், படம், பட்டம் என்று பேசிப் பழகிய நாக்குக்கு 'தரஸ' (படித்தான்), 'தர்ரஸ' (பாடம் நடத்தினான்) இரண்டும் குழம்பாது.

சிக்கல் தொண்டை எழுத்துகளிலும் அழுத்த எழுத்துகளிலும். 'கல்ப்' என்பதைத் தொண்டையடியிலிருந்து வரும் காஃபில் சொன்னால் இதயம், சாதாரணக் காஃபில் சொன்னால் நாய். 'தீன்' என்பது அழுத்தத் தாவில் களிமண், மெல்லிய தாவில் அத்திப்பழம். 'ஸைஃப்' என்பது ஸாதில் கோடைக்காலம், ஸீனில் வாள். 'அமல்' என்பது ஐனில் தொடங்கினால் வேலை (தமிழில் சட்டம் 'அமலுக்கு வந்தது' என்கிறோமே, அதே சொல்). ஹம்ஸாவில் தொடங்கினால் எதிர்பார்ப்பு. அழுத்த எழுத்தை அந்த எழுத்திலேயே தேடினால் பிடிபடாது. பக்கத்திலுள்ள உயிரொலியைக் கேளுங்கள். நாவின் பின்புறம் உயர்வதால் 'அ'வும் 'ஆ'வும் கனத்து, வாய் நிறைந்து ஒலிக்கும்.

ளாத் என்ற எழுத்து தனிக்கதை. ரமலான், ரமளான், ரம்ஜான் என்று தமிழில் மூன்று எழுத்துக்கூட்டல் உலவுவதே இந்த ஓர் எழுத்தால்தான். பாரசீகம், உருது வழியாக வந்த சொற்களில் ளாத் 'ஜ' ஆகிவிட்டது. ஆஜர், மாஜி, ஜப்தி, ராஜி, ஜில்லா ஐந்திலும் மூலத்தில் இருப்பது ளாத். இதைத் தெரிந்துகொண்டால் 'ஹாளிர்' (வந்திருப்பவர்), 'மாளீ' (கடந்தகாலம்) இரண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பயிற்சி இப்படி: மேலே உள்ளதுபோல் பத்து ஜோடிகள் எழுதி, கலைத்துப் படித்து, போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் தாளைப் பார்க்காமல் பதிவைக் கேட்டு எது எது என்று எழுதுங்கள். முடிந்தால் வகுப்புத் தோழரையும் எழுதச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு சரியாக வரும்வரை வாரம் இரண்டு முறை செய்யுங்கள்.

3. பத்து வஸ்ன்கள்: இந்த ஆண்டின் முதுகெலும்பு

அரபு வினைகளில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து வருபவை. அந்த வேரைப் பத்து வஸ்ன்களில், அதாவது வார்ப்புகளில், ஊற்றினால் பத்து வினைகள் கிடைக்கும். எல்லா வேரும் பத்திலும் வராது. சராசரி வேர் நாலைந்தில் வரும். இதை ஒன்று முதல் பத்துவரை வரிசையாகப் படிப்பது வழக்கம். ஜோடி ஜோடியாகப் படிப்பது இன்னும் நல்லது.

இரண்டும் ஐந்தும் ஒரு ஜோடி. இரண்டாவதில் நடு எழுத்து இரட்டிக்கும், ஐந்தாவது அதற்கு முன் 'த' சேர்த்தது. ஐன், லாம், மீம் என்ற வேரைப் பாருங்கள்: 'அலிம' அறிந்தான், 'அல்லம' கற்பித்தான், 'தஅல்லம' கற்றுக்கொண்டான். மூன்றும் ஆறும் அடுத்த ஜோடி. மூன்றாவதில் முதல் எழுத்துக்குப் பின் அலிஃப், ஆறாவதில் அதற்கு முன் 'த': 'ஷாவர' ஒருவரிடம் ஆலோசனை கேட்டான், 'தஷாவர' தங்களுக்குள் ஆலோசித்தார்கள். ஏழும் எட்டும் மூன்றாவது ஜோடி. தமிழின் தன்வினை, பிறவினை தெரிந்தவருக்கு இது எளிது. 'கஸர' உடைத்தான், 'இன்கஸர' உடைந்தது. 'ஜமஅ' கூட்டினான், 'இஜ்தமஅ' கூடினான். நாலும் பத்தும் கடைசி ஜோடி: 'அஅலம' அறிவித்தான், 'இஸ்தஅலம' விசாரித்தான். பத்தாவதில் 'ஒன்றைக் கேட்டுப் பெற முயல்வது' என்ற சாயல் அடிக்கடி வரும். ஒன்பதாவது நிறத்துக்கும் உடல் குறைக்கும் மட்டும்; 'இஹ்மர்ர' சிவந்தது. ஒரு மாலை போதும்.

வாரம் ஒரு ஜோடி என்றால் நாலரை வாரம். ஒவ்வொரு வினையோடும் நாலு விஷயம் சேர்த்து எழுதுங்கள்: இறந்தகாலம், நிகழ்காலம், மஸ்தர் (தொழிற்பெயர்), பொருள். முதல் வஸ்னின் மஸ்தருக்கு நிலையான விதி இல்லை, சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டு முதல் பத்துவரை அச்சுப்போல் வரும்: தஃப்யீல் வடிவில் 'தஅலீம்' (கல்வி), இஃப்ஆல் வடிவில் 'இஅலாம்' (ஊடகம்), இஸ்திஃப்ஆல் வடிவில் 'இஸ்திஅலாம்' (விசாரணை). செய்பவர், செய்யப்பட்டது இரண்டும் 'மு' என்று தொடங்கும்; கடைசிக்கு முந்தைய எழுத்தில் கஸ்ரா இருந்தால் செய்பவர், ஃபத்ஹா இருந்தால் செய்யப்பட்டது. 'முஅல்லிம்' ஆசிரியர். ஒரு வேரை முழுமையாகப் படித்தவர் கையில் பதினைந்து சொல் இருக்கும். பட்டியலில் பதினைந்து சொல் படித்தவருக்கு அடுத்த மாதம் ஐந்துதான் மிஞ்சும்.

4. அகராதி பார்க்கக் கற்றல்

பரவலாகப் பயன்படும் ஹான்ஸ் வேர் அகராதி 1952-ல் ஜெர்மன் மொழியிலும் 1961-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அதில் சொற்கள் வேர் வரிசையில் இருக்கும். வேரின் கீழ் வஸ்ன்கள் ரோமன் எண்களில். போன் செயலிகள் சொல்லை அப்படியே போட்டாலும் பொருள் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்தைப் பார்க்காமல் ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அது இரண்டு நாளில் மறந்துவிடும். இந்த ஓராண்டாவது வேர் வழியே தேடுங்கள்.

வேரைக் கண்டுபிடிக்கப் பழைய இலக்கணக்காரர்கள் ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள்: 'ஸஅல்துமூனீஹா'. 'அதை என்னிடம் கேட்டீர்கள்' என்று பொருள். ஒரு சொல்லில் கூடுதலாக ஒட்டக்கூடிய பத்து எழுத்துகளும் இதில் அடக்கம்: ஸீன், ஹம்ஸா, லாம், தா, மீம், வாவ், நூன், யா, ஹா, அலிஃப். இந்தப் பத்தில் இல்லாத எழுத்து எதுவோ அது அநேகமாக வேர் எழுத்து.

'வஸயக்துபூனஹா' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். 'அதை அவர்கள் எழுதுவார்கள், மேலும்' என்று ஒரு வாக்கியமே இதற்குள் இருக்கிறது. முன்னால் 'வ' (மேலும்), 'ஸ' (எதிர்காலம்), பின்னால் 'ஹா' (அதை). மூன்றையும் கழற்றினால் 'யக்துபூன'. அதில் 'ய', 'ஊன' இரண்டும் 'அவர்கள்' என்பதைக் காட்டுபவை. மிச்சம் காஃப், தா, பா. விகுதிமேல் விகுதி ஒட்டும் மொழியில் வளர்ந்த நமக்கு இந்தக் கழற்றும் வேலை பிடிபட அதிக நாள் ஆகாது.

தடுமாறும் இடம் வாவில் தொடங்கும் வேர்கள். 'இத்திஸால்' (தொடர்பு, போன் அழைப்பு) என்பதை அலிஃப், தா என்று தேடினால் கிடைக்காது. வேர் வாவ், ஸாத், லாம். எட்டாம் வஸ்னில் வாவ் தாவோடு கரைந்து இரட்டித்துவிட்டது. 'சேர்தல்' என்ற பொருளுள்ள இதே வேரிலிருந்துதான் தமிழின் 'வசூல்' வந்தது; 'முவாஸலாத்' (போக்குவரத்து) என்பதும் அதே குடும்பம். 'இத்திஹாத்' (ஒன்றியம்) இதே வகை, வேர் வாவ், ஹா, தால். எட்டாம் வஸ்னில் ஸாதுக்குப் பின் தா அழுத்தத் தாவாகும், ஸாயுக்குப் பின் தாலாகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. நோய்ப்பட்ட வினைகள்

வேரில் வாவோ யாவோ இருந்தால் அதை 'முஅதல்', நோய்ப்பட்ட வினை என்பார்கள். பரீட்சையில் மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான், குறிப்பாக நடுவில் வாவ் உள்ள வினைகளில். 'கால' சொன்னான், 'யகூலு' சொல்கிறான், 'குல்து' சொன்னேன், 'லம் யகுல்' சொல்லவில்லை. கடைசி இரண்டில் நெடில் ஏன் குறுகியது? அரபியில் இரண்டு ஸுகூன் அடுத்தடுத்து நிற்காது. லாமுக்கு ஸுகூன் வந்தவுடன் அதற்கு முன்னிருந்த நெடில் இடம் விட்டுவிடுகிறது. இந்தக் காரணம் மனதில் இருந்தால் 'லம் யகூல்' என்று எழுத மாட்டீர்கள்.

வாவ் முதலில் இருந்தால் நிகழ்காலத்தில் பெரும்பாலும் உதிரும்: 'வஸல', 'யஸிலு'. கடைசியில் யாவோ வாவோ இருந்தால் 'லம்' வந்தபின் அந்த எழுத்தே போய்விடும். 'கால' (சொன்னான்), 'பாஅ' (விற்றான்), 'நாம' (தூங்கினான்), 'வஸல' (வந்துசேர்ந்தான்), 'ரமா' (எறிந்தான்), 'தஆ' (அழைத்தான்), 'நஸிய' (மறந்தான்): இந்த ஏழையும் முழு அட்டவணையாக ஒருமுறை கையால் எழுதிவிடுங்கள். மற்றவை இவற்றின் சாயலில் நடக்கும்.

6. திணையும் எண்ணும்

அரபு இலக்கணம் பெயர்களை 'ஆகில்' (அறிவுள்ளது), 'கைர் ஆகில்' (அறிவில்லாதது) என்று பிரிக்கிறது. நமக்கு இது உயர்திணை, அஃறிணை. மனிதர் அல்லாதவற்றின் பன்மை, பெண்பால் ஒருமையாக நடத்தப்படும். 'புத்தகங்கள் புதியவை' என்பதற்கு 'அல்குதுபு ஜதீததுன்', அதாவது 'புத்தகங்கள் புதியவள்' என்பதுபோல. பேச்சுத் தமிழில் 'மாடுகள் வந்தது' என்று ஒருமையில் முடிக்கிறோம் அல்லவா, அதை நினைவில் வைத்தால் போதும்.

எண்களில் இதுவே குழியாகவும் மாறும். 3 முதல் 10 வரை எண்ணின் பால், எண்ணப்படும் பொருளின் பாலுக்கு எதிராக இருக்கும். அந்தப் பாலைப் பொருளின் ஒருமையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். 'கிதாப்' ஆண்பால், ஆகவே மூன்று புத்தகங்கள் 'ஸலாஸது குதுபின்'. குதுப் பெண்பாலாக நடக்கிறதே என்று எண்ணை ஆண்பாலாக்குவதுதான் வழக்கமான தவறு. எண்ணுக்குப் பின் வரும் பெயர் 3 முதல் 10 வரை பன்மை. 11 முதல் 99 வரை ஒருமை, நஸ்ப் (செயப்படுபொருள் வேற்றுமை) நிலையில். 100, 1000 என்றால் ஒருமை, ஜர் (உடைமை வேற்றுமை) நிலையில். இரண்டு என்றால் எண்ணே வேண்டாம், பெயரின் இருமை வடிவம் போதும்.

வினை முன்னால், எழுவாய் பின்னால் என்றால் எழுவாய் பன்மையானாலும் வினை ஒருமையிலேயே நிற்கும். வாக்கியத்தை எழுவாயில் தொடங்கினால் வினையும் பன்மையாகும்.

7. ஹரகத் இல்லாத செய்தியைப் படித்தல்

150 சொல் அளவுள்ள செய்தியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை அகராதி தொடாமல், பென்சிலால் வினைகளை மட்டும் கோடிட்டு. இரண்டாம் முறை ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் எது என்று அம்பு போட்டு. மூன்றாம் முறைதான் அகராதி, அதுவும் அதிகபட்சம் பத்துச் சொல்லுக்கு. எல்லாச் சொல்லுக்கும் பொருள் பார்த்தபின் வாக்கியத்தைப் பொருத்த முயல்பவர், வாக்கியத்தைத் தவறாகப் பொருத்திவிட்டு அகராதியைக் குறை சொல்வார்.

இஃராபைப் (சொல்லின் பங்கைக் காட்டும் இறுதி மாற்றத்தை) பார்த்து மலைக்க வேண்டாம். ஹரகத் இல்லாத எழுத்தில் அது தெரியும் இடங்கள் சில மட்டுமே: ஆண்பால் சீர்ப்பன்மையின் 'ஊன்', 'ஈன்' விகுதிகள், இருமையின் 'ஆன்', 'ஐன்' விகுதிகள், நஸ்பில் வரும் அலிஃப், 'அபூ, அபா, அபீ' போன்ற ஐந்து பெயர்கள், 'லம்', 'லன்' என்ற எதிர்மறைச் சொற்கள் வந்தபின் பன்மை வினையில் உதிரும் நூன். இவற்றை முதலில் உறுதியாக்குங்கள். எழுத்திலேயே தெரியும் பிழை இவற்றில்தான் நேரும்.

செயப்பாட்டுவினையும் செய்வினையும் ஹரகத் இல்லாமல் ஒரே மாதிரி இருப்பதால் பத்திரிகைகள் 'தம்ம' என்ற வினையோடு மஸ்தரைச் சேர்க்க விரும்புகின்றன. 'தம்ம தவ்கீஉ' என்று வந்தால் 'கையெழுத்தானது' என்று பொருள். மாதப் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். ஜனவரி எகிப்தில் 'யனாயிர்', சிரியாவிலும் ஈராக்கிலும் 'கானூன் அஸ்ஸானீ', துனீசியாவிலும் அல்ஜீரியாவிலும் 'ஜான்ஃபீ'. எகிப்திய அச்சில் சொல்லின் கடைசி யாவுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. அதை அலிஃப் மக்ஸூரா (புள்ளியில்லாத யா வடிவில் எழுதும் கடைசி 'ஆ') என்று நினைத்துத் தேடி ஏமாறாதீர்கள்.

கேட்பதற்கு வாரம் ஒரு நிமிடச் செய்தி போதும். கேட்டதைக் கேட்டபடி முழுமையாக எழுதுங்கள். முதலில் அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் போகும். அது சரியான அளவுதான்.

8. எந்த வட்டார வழக்கு?

எழுத்து அரபும் பேச்சு அரபும் பிரிந்திருப்பதை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் இரட்டை வழக்கு என்று விவரித்தார். தமிழும் அப்படித்தான் என்பதால் நமக்கு இது புதுமையே இல்லை. 'இப்போது' என்பதற்கு எழுத்தில் 'அல்ஆன'. கெய்ரோவில் 'தில்வஅத்தி', டமாஸ்கஸில் 'ஹல்லஅ', வளைகுடாவில் 'அல்ஹீன்', ஈராக்கில் 'ஹஸ்ஸ', மொராக்கோவில் 'தாபா'. கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் தொண்டைக் காஃப் வெறும் ஹம்ஸாவாகிவிடும், வளைகுடாவில் 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய ககரம்போல் ஒலிக்கும்.

ஒரே ஒரு வழக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள், ஆண்டு முழுக்க அதை மாற்றாதீர்கள். ஆசிரியர் பேசும் வழக்கு எதுவோ அதுவே நல்லது, தினமும் காதில் விழும். அப்படி எதுவும் இல்லையென்றால் எகிப்திய வழக்கு அல்லது ஷாம் (சிரியா, லெபனான் பகுதி) வழக்கு. படங்களும் தொடர்களும் இவற்றில் ஏராளம். மொராக்கோவுக்குப் போகிறவர் மட்டும் அங்குள்ள பேச்சு வழக்கான தாரிஜாவில் தொடங்கலாம். கட்டுரை எழுதும்போது வட்டாரச் சொல் கலக்காமல் இருக்க, இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வையுங்கள்.

9. பண்பாடு மொழிக்குள்ளேயே இருக்கிறது

அரபு லீக்கில் 22 நாடுகள். அரபு பேசுகிறவர் எல்லாரும் முஸ்லிம் அல்ல. எகிப்து, லெபனான், சிரியா, ஈராக், ஜோர்தான் நாடுகளில் பழமையான கிறிஸ்தவச் சமூகங்கள் உண்டு. 'அல்ஹம்துலில்லாஹ்', 'இன்ஷா அல்லாஹ்' இரண்டும் அவர்கள் வாயிலும் இயல்பாக வரும். ஆசிரியரை 'உஸ்தாத்', பெண் ஆசிரியரை 'உஸ்தாதா', முனைவர் பட்டம் பெற்றவரை 'துக்தூர்', 'துக்தூரா' என்று அழையுங்கள். வெறும் பெயர் மரியாதைக் குறைவு. பிள்ளை பெற்றவரை மூத்த மகன் பெயரோடு 'அபூ', 'உம்மு' சேர்த்து அழைப்பது அன்பும் மதிப்பும். ஆனால் அந்த அளவுக்குப் பழகிய பிறகுதான்.

வாழ்த்துகளை ஜோடியாகப் படியுங்கள், ஏனெனில் பதில் வராத வாழ்த்து அரபியில் உறுத்தும். 'ஸபாஹ் அல்கைர்' என்றால் 'ஸபாஹ் அன்னூர்'. 'மப்ரூக்' என்றால் 'அல்லாஹ் யுபாரிக் ஃபீக்'. உடம்பு சரியில்லாதவரிடம் 'ஸலாமதக்'. அவர் 'அல்லாஹ் யுஸல்லிமக்' என்பார். முடி வெட்டிக்கொண்டு வந்தவரிடம் 'நயீமன்'; பதில் 'அல்லாஹ் யுன்இம் அலைக்'. பெண்ணிடம் பேசும்போது இவற்றின் கடைசி மாறும்: 'ஃபீகி', 'அலைகி', பேச்சில் 'ஸலாமதிக்'. வழிவிட, உட்காரச் சொல்ல, பொருளை நீட்ட எல்லாவற்றுக்கும் 'தஃபள்ளல்', பெண்ணிடம் 'தஃபள்ளலி'.

வளைகுடா வீட்டில் கஹ்வா (அரபுக் காபி) வரும்போது கோப்பையை வலக்கையால் வாங்குங்கள். கோப்பையில் கொஞ்சமாகவே ஊற்றுவார்கள். காலியான கோப்பையைச் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதுமென்றால் கோப்பையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக் கொடுக்க வேண்டும். இந்தக் காபி மரபை யுனெஸ்கோ 2015-ல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வாங்கும்போது 'ஷுக்ரன்', ஆட்டித் திருப்பிக் கொடுக்கும்போது 'தாயிமன்' என்று சொன்னால், எப்போதும் இந்த வீட்டில் காபி இருக்கட்டும் என்று வாழ்த்தியதாக எடுத்துக்கொள்வார்கள்.